கோடை ஓய்வும் பொங்கற் பயணமும்: வட்டக்கச்சிக் குடியேற்றம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

உழைப்பின் வரலாற்றை எழுதுவோர் ஓய்வின் வரலாற்றைப் பெரும்பாலும் கருத்திற் கொள்வதில்லை. வன்னிக் குடியேற்றத் திட்டங்கள் பற்றிய அரச ஆவணங்கள் ஏக்கர்களையும் வாய்க்கால்களையும் விளைச்சலையுமே பேசுகின்றன. குடியேறிய குடும்பங்கள் வேலை ஓய்ந்த கோடை நாள்களை எவ்வாறு கழித்தன என்பது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய வினாவன்று. பல ஊர்களிலிருந்து வந்தோர் ஓரூரவராக மாறிய முறையை அறிவதற்கு அது இன்றியமையாத வினாவாகும். கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியை முன்னிறுத்தி இதனை நோக்குவோம்.

வட்டக்கச்சி இரணைமடுக் குளத்து நீரால் உருவாகிய ஊர். கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பட்ட அக்குளத்தின் கீழ், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலே குடியேற்றங்கள் விரிந்தன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அதற்குச் சட்ட அடிப்படையாயிற்று. நில நெருக்கடி மிகுந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் காடு வெட்டிக் கழனியாக்கினர். அவர்களுக்குக் காணி கிடைத்தது. ஆனால் பிறந்த ஊரின் கோயிலும் உறவுவட்டமும் கூடவே வந்துவிடவில்லை.

இவர்களது ஓய்வுக் காலத்தைத் தீர்மானித்தது நீரே. மழையை நம்பி விதைக்கப்படும் காலபோகம் மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையாகும். சிறுபோகத்துக்கோ குளத்து நீர் எல்லா வயல்களுக்கும் போதாது. எவ்வளவு நிலத்தில் விதைப்பதென்று ஆண்டுதோறும் கமக்காரரும் அதிகாரிகளும் கூடித் தீர்மானிப்பர். பங்கு கிடையாதவர்க்குக் கோடை முழுவதும் வயலில் வேலையில்லை. சித்திரைப் பாடசாலை விடுமுறையும் இக்காலத்திலேயே வருகின்றது. ஆகவே வன்னியின் குடும்பப் பயணங்களும் ஊர்க் கொண்டாட்டங்களும் பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையில் நெருங்கி அமைந்தமை தற்செயலன்று. நெல்லுற்பத்தியின் ஒழுங்கே விழாவின் ஒழுங்குமாயிற்று.

பங்குனி உத்தரத்தை ஒட்டி, அயலிலுள்ள கண்டாவளைப் பகுதியின் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிற் பொங்கல் நிகழும். வைகாசியில் நந்திக்கடற் கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும். முல்லைத்தீவுக் கடலில் நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்நீரால் விளக்கேற்றி, பின்னர் வற்றாப்பளையிற் பொங்குவது மரபு. வட்டக்கச்சியிலிருந்து விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு வழியாகச் செல்லும் இப்பயணம் மாட்டுவண்டிக் காலத்தில் ஒரே நாளில் முடிவதன்று. கட்டுச்சோறும் பாயும் பானையும் ஏற்றிக் குடும்பங்கள் அணியணியாகச் சென்றன. மர நிழல்களில் ஒன்றாகச் சமைத்து உண்டன. பிற்காலத்தில் வண்டியின் இடத்தை உழவு இயந்திரப் பெட்டி பிடித்தது. நேர்த்திக்கடன் ஒருபுறம், கச்சான் கடை மறுபுறம், கோவலன் கூத்தின் நினைவு இன்னொருபுறம் எனப் பக்தியும் களிப்பும் பிரிக்கவியலாதவாறு கலந்திருந்தன.

இங்கு ஒரு வரலாற்று முரண் கவனத்துக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பானதெனக் கண்டித்தார். அவர்வழிச் சைவ மறுமலர்ச்சியின் செல்வாக்கால் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களைப் பெற்றன. அந்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளே வன்னியிற் கண்ணகியின் பெயரால் நிகழும் பொங்கலுக்கு வண்டி கட்டினர். குடியேறியவர்கள் வன்னியை மாற்றினர் என்பது பாதி உண்மை. வன்னியும் அவர்களை மாற்றியது என்பது மறுபாதி.

எனினும் இவ்வோய்வை இலட்சியப்படுத்துதல் தவறு. ஆண்கள் ஓய்ந்திருந்த நாள்களிலும் அடுப்பு ஓயவில்லை. பயணத்துக்கு முன்னும் பயணத்திலும் சமைத்தவர்கள் பெண்களே. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்களாலும், எழுபதுகளின் பஞ்சத்தாலும் மலையகத்திலிருந்து கிளிநொச்சிப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களிற் பெரும்பாலோர் கூலியுழைப்பாளர். காணியுடையவனுக்குக் கோடை ஓய்வாக அமைய, காணியற்றவனுக்கு அது கூலியற்ற காலமாக அமைந்தது. ஒரே விழாவிற் கூடினாலும் இருவரும் ஒரே நிலையிலிருந்து கூடவில்லை.

2009ஆம் ஆண்டு இவ்வரலாற்றை அறுத்தது. அவ்வாண்டு ஜனவரி 2இல் கிளிநொச்சி நகர் வீழ்ந்த பின்னர், வட்டக்கச்சி உட்பட அப்பகுதி மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். விசுவமடு, உடையார்கட்டு எனப் பொங்கலுக்குச் சென்ற அதே வழியில் வண்டிகளும் உழவு இயந்திரங்களும் வீட்டுச் சாமான்களோடு நகர்ந்தன. அம்முறை அவை சென்றது ஷெல் வீச்சுக்கும் பசிக்கும் இடையே. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலும் நந்திக்கடற் கரையிலும் போர் முடிந்தபோது வைகாசி பிறந்திருந்தது. மீள்குடியேற்றத்தின் பின்னர் அம்மக்கள் மீண்டும் வற்றாப்பளைக்குச் செல்கின்றனர். ஆயினும் மே 18இன் நினைவுகூரலும் பொங்கலும் இன்று ஒரே கடனீரேரியின் அயலில், அண்மித்த நாள்களில் நிகழ்கின்றன. துயரும் விழாவும் ஒரே வீதியைப் பகிர்ந்துகொள்கின்றன.

ஆதலால் வட்டக்கச்சியின் கோடைப் பயணங்களைப் பதிவு செய்தல் பழமையை எண்ணி ஏங்குதலாகாது. ஓர் ஊர் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதை அறிந்தாலன்றி, எது அழிக்கப்பட்டது என்பதை அளவிட முடியாது. வண்டியில் அமர்ந்து சென்ற சிறுமியர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களது வாய்மொழியைத் தொகுத்தல் நமது ஆய்வாளர்கள் தாமதிக்கலாகாத பணியாகும்.