எரிந்து போவதற்கென்றே ஓர் எண்ணெய்

மயிலாப்பூர் மாட வீதியிலோ, தியாகராய நகரின் பாண்டி பஜாரிலோ நிற்கும்போது, சாலை இரைச்சலையெல்லாம் மீறி ஒரு தனி ஒலி உங்கள் காதில் விழுந்திருக்கலாம். திரும்பிப் பார்த்தால் பழைய ஜாவாவோ எஸ்டியோ போய்க்கொண்டிருக்கும். பின்னால் நீலப்புகை நூல்போல் நீளும். அந்த நீல நிறம் பெட்ரோலால் வந்ததன்று. எந்திரத்தின் தேய்மானத்தைத் தடுக்க ஊற்றிய உயவெண்ணெய்தான் அப்படிப் புகைகிறது. உயவெண்ணெய் எரியக்கூடாது என்றல்லவா படித்திருக்கிறோம்? இந்த வகை எந்திரத்தில் மட்டும் அது எரிந்து போவதற்கென்றே ஊற்றப்படுகிறது.

நம் ஊர் எடுத்துக்காட்டிலிருந்தே தொடங்கலாம். 1955-இல் சென்னையில் தொடங்கிய எண்ஃபீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் செய்த புல்லட் வண்டி நான்கு வீச்சு எந்திரம் கொண்டது. அதில் எண்ணெய்க்குத் தனி அறை உண்டு. பம்பு ஒன்று அதை உறுப்புகளுக்கு அனுப்பித் திரும்பவும் வாங்கிக்கொள்ளும். எண்ணெய் கறுத்ததும் வடித்து மாற்றுகிறோம். அதே நிறுவனம் 1962-இல் கொண்டுவந்த ஃபான்டாபுலஸ் ஸ்கூட்டரில் இங்கிலாந்தின் வில்லியர்ஸ் இருவீச்சு எந்திரம் இருந்தது. அதில் இவ்வாறு சுற்றிவரும் எண்ணெய் கிடையாது. பெட்ரோல் தொட்டியில் பெட்ரோலோடு சேர்த்து ஊற்றியதுதான் எண்ணெய்.

காரணம் தெரிய வேண்டுமானால் இங்கிலாந்தின் பாத் நகருக்குப் போக வேண்டும். அங்கே 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜோசஃப் டே என்னும் பொறியாளர் வால்வுகளைக் குறைத்து எளிய எந்திரம் ஒன்றை அமைக்க முனைந்தார். பிஸ்டன் மேலே போகும்போது அதன் அடியிலுள்ள கிராங்க் உறையில் வெற்றிடம் உண்டாகிறது அல்லவா? அந்த வெற்றிடம் எரிபொருள் கலவையை உள்ளே இழுக்கட்டும். பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அழுந்தி, பக்கவாட்டுப் பாதை வழியாக மேலே எரியறைக்குப் போகட்டும் என்றார் டே. அவரிடம் பணியாற்றிய ஃபிரெடரிக் காக் சிலிண்டர்ச் சுவரிலுள்ள புழைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கும்படி செய்து, எஞ்சிய வால்வையும் நீக்கிவிட்டார். மிக அழகான ஏற்பாடு. ஆனால் கிராங்க் உறையே பம்பாகிவிட்ட பிறகு அதற்குள் எண்ணெயைத் தேக்கி வைப்பது எங்கே? தேக்கினாலும் கலவையோடு சேர்ந்து மேலே போய்விடுமே!

முதலில் எண்ணெயைத் தனிக் கலத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். 1908-இல் விற்பனைக்கு வந்த ஸ்காட் மோட்டார் சைக்கிளில் இந்த முறைதான். ஓட்டுபவர் சாலையையும் கவனித்து, சொட்டுகளையும் எண்ண வேண்டியிருந்தது. எண்ணெயைப் பெட்ரோலிலேயே கரைத்து விடுவது இந்தத் தொல்லைக்குக் கிடைத்த தீர்வு. சூடான கிராங்க் உறையில் பெட்ரோல் ஆவியாகிறது; எளிதில் ஆவியாகாத எண்ணெய் நுண்துளிகளாக உலோகப் பரப்பில் படிகிறது. படிந்தது மெல்ல மேலேறி, எரிந்து வெளியேறுகிறது.

பனிபோல் படியும் இந்த எண்ணெய், அழுத்தத்தோடு பாயும் எண்ணெய்க்கு ஈடாகாது. ஆகவே கிராங்க் தண்டுக்குக் குண்டு பேரிங்கும் உருளை பேரிங்கும் பொருத்தினார்கள். அவற்றுக்குச் சிறிது எண்ணெய் போதும். பிஸ்டனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஜாவா 250-இன் சிலிண்டர் விட்டம் 65 மி.மீ. ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். வார்ப்பிரும்பு ஏறத்தாழ 11 பங்குதான். இரண்டும் 100 டிகிரி சூடேறினால் பிஸ்டன் சிலிண்டரைவிட 0.078 மி.மீ. கூடுதலாகப் பருத்துவிடும். ஒரு தலைமயிரின் கனம்! எண்ணெய் வற்றி, உராய்வால் சூடு இன்னும் ஏறினால், இடைவெளி முழுவதும் அடைபட்டுப் பிஸ்டன் இறுகிவிடும். மெக்கானிக் 'சீஸ் ஆயிடுச்சு' என்று சொல்வது இதைத்தான். ஓடும் வண்டியின் பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். உடனே கிளட்சைப் பிடிக்காவிட்டால் ஆள் கீழே.

அப்படியானால் எண்ணெயைத் தாராளமாக ஊற்றலாமா? பலர் அப்படித்தான் நினைத்தார்கள். பழைய வில்லியர்ஸ் எந்திரங்களுக்கு 16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது கணக்கு. மைசூரில் 1961 முதல் ஜாவா உற்பத்தியான காலத்தில் 20-க்கு ஒன்று, 25-க்கு ஒன்று என்ற விகிதங்கள் வழக்கில் இருந்தன. 5 லிட்டர் பெட்ரோலுக்கு 20-க்கு ஒன்று என்றால் 250 மில்லி லிட்டர். பங்க்கில் கண் அளவாக இதற்கு மேலும் ஊற்றிவிட்டு, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கலக்குவார்கள். ஆட்டுவது சரியே, எண்ணெய் அடர்த்தி மிக்கதாதலால் கலக்காவிட்டால் அடியில் தங்கிக் கார்புரேட்டரின் துளையை அடைக்கும். மிகுதியாக ஊற்றுவதுதான் தவறு. எண்ணெய் கூடக் கூட, அதே துளை வழியே போகும் பெட்ரோல் குறைகிறது. கலவை மெலிந்து எந்திரம் சூடேறுகிறது. சைலன்சரில் கரி அடைத்துக்கொள்வது தனி.

அளந்தே ஊற்றினாலும் ஒரு குறை மிஞ்சும். ஏற்காடு மலைப்பாதையில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்திரம் வேகமாகச் சுழல்கிறது. பெட்ரோல் வருவதோ மிகக் குறைவு. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைவுதானே? இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலேட்டரைச் சற்றுத் திறந்து மூடும் பழக்கம் இதனால் வந்தது. யமஹா 1964-இல் கொண்டுவந்த 'ஆட்டோலூப்' முறையில் எண்ணெய்க்குத் தனித் தொட்டியும், எந்திர வேகத்தையும் ஆக்சிலேட்டர் திறப்பையும் பார்த்து எண்ணெயை அளந்து தரும் சிறு பம்பும் உண்டு. 1983-இல் வந்த இராஜ்தூத் 350, 1985-இல் வந்த ஆர்.எக்ஸ். 100 ஆகியவற்றில் நம்மவர்கள் இதைக் கண்டார்கள். என் பார்வையில், டே செய்த ஏற்பாட்டுக்கு முழுமை கிடைத்தது இந்தப் பம்பினால்தான்.

ஆனால் தெருவில் நிற்பவருக்கு இதனால் என்ன பயன்? இருவீச்சு எந்திரத்தில் புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறுகிறது. கார்புரேட்டர் வண்டிகளில் இந்த இழப்பு நூற்றுக்கு 15 முதல் 40 வரை. அதோடு எண்ணெயும் சேர்ந்துதான் நீலப்புகை. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தில்லியில் அவ்வாண்டு முடிவுக்குள் எல்லாப் பங்க்குகளிலும் எண்ணெயை முறையாகக் கலந்தே இருவீச்சு வண்டிகளுக்குப் பெட்ரோல் தர வேண்டும் என்று ஆணையிட்டது. எண்ணெயும் மாறியது. கனத்த கனிம எண்ணெய்க்கு மாற்றாக, சூட்டில் சிறு மூலக்கூறுகளாகச் சிதைந்து எளிதில் எரியும் பாலி ஐசோபியூட்டிலீனைச் சேர்த்துப் புகை குறைந்த 'டூ-டி' எண்ணெய்கள் வந்தன. ஜப்பானிய தரக் குறியீட்டில் இவை 'ஜாசோ எஃப்.சி.' வகை.

உங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஜாவா இருந்தால், புதிய எண்ணெயை நம்பி 50-க்கு ஒன்று என்று தாவிவிடாதீர்கள். அதன் பேரிங்குகளும் பிஸ்டன் இடைவெளியும் பழைய கணக்கில் அமைந்தவை. விகிதம் கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். எண்ணெயை மட்டும் எஃப்.சி. வகைக்கு மாற்றுங்கள். அளவுக் குப்பியால் அளந்து ஊற்றுங்கள். கியர்ப் பெட்டிக்குத் தனி எண்ணெய் என்பதை மறக்க வேண்டாம். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அடையாறு, பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் ஈரத்துக்குக் குறைவில்லை. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியானால், தொட்டியிலும் கார்புரேட்டரிலும் உள்ள கலவையை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.