நிலாவரையின் நெடும்பயணம்

மலச்சிக்கலைப் பற்றி இலக்கிய மலரில் எழுதுவதா என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, செரிமானத்தின் சிறப்பை எடுத்துரைத்திருக்க, நாம் நாணுவதற்கு ஒன்றுமில்லை. மேலும், அந்நோய்க்குரிய மருந்திலையொன்று, நம்முள் பலருடைய பிறந்த மண்ணின் பெயரால் உலகச் சந்தையில் விலைபோயிற்று. அதுவே நிலாவரை; நிலவாகை என்பதும் அதன் பெயர்.

ஆவாரையின் உறவான இச்செடியின் தாயகம் அரபு நாடும் அதன் எதிர்க்கரையான ஆப்பிரிக்கப் பகுதியும் ஆகும். அரபு மருத்துவர்கள் 9ஆம் நூற்றாண்டிலேயே இதனைப் போற்றினர். 'சனா மக்கி' என்ற யுனானி வழக்கில் மக்கா நகரின் பெயர் நிற்கிறது. தமிழில் 'சூரத்து நிலாவரை' என்றும் வழங்குவதால், மேலைக்கடல் வணிகத்தின் சுவட்டை அப்பெயரில் காணலாம். அரபுத் துறைமுகங்களிலிருந்து பம்பாய்க்கு வந்து, பின்னர் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய இலைக்குப் 'பம்பாய்ச் சென்னா' என்றே பெயர் இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்னும் ஆங்கிலேயர் இதனை நெல்லைச் சீமையில் விரிவாகப் பயிரிட்டார். குறைந்த நீரில் வளரும் செடியாதலின் அம்மண் அதற்கு ஏற்றதாயிற்று. அலெக்சாந்திரியா வழியே ஐரோப்பா சென்ற சரக்கில் வேற்றிலைகள் கலந்திருந்தன. நெல்லை இலையோ முழுமையாகவும் தூய்மையாகவும் இருந்தது. அதனால் 'தின்னவேலி சென்னா' என்ற பெயர் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் இடம்பெற்றது. தூத்துக்குடித் துறைமுகம் அதன் வாயிலாயிற்று.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் நெல்லை மக்கள் தோல் பதனிடும் தொழிலை நாடித் தாராவிக்கு வரலாயினர். தென்னாட்டில் தோல் பதனிட உதவியது ஆவாரம்பட்டை. ஒரே குடும்பத்துச் செடிகளுள் ஒன்று தொழிலுக்கும் மற்றொன்று மருந்துக்கும் துணைநின்றமை எண்ணத்தக்கதன்றோ?

இவ்விலையின் ஆற்றலுக்குக் காரணமான சென்னோசைடு என்னும் பொருள்களை, 1941ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து அறிஞர் ஆர்தர் ஸ்டோல் பிரித்தறிந்தார். அவை சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைந்ததும், அங்குள்ள நுண்ணுயிர்களால் மாற்றம் பெற்றுக் குடலைத் தூண்டுகின்றன. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவில் உண்டு காலையில் பயன்காணும் வழக்கத்தின் காரணம் இதுவே. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் நிலாவரை உண்டு. சித்த மருத்துவத்தில் நிலவாகைச் சூரணம் புகழ்பெற்றது.

எனினும், 'பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?' என்ற எண்ணம் தவறு. இது குடலைத் தூண்டும் மருந்தேயன்றி உணவன்று. அளவு மிகுந்தால் வயிறு முறுக்கும். கழிச்சல் நீடித்தால் உடலின் நீரும் பொட்டாசிய உப்பும் குறையும். மருத்துவர் அறிவுரையின்றி ஒரு வாரத்திற்குமேல் தொடர்தல் கூடாது. காரணம் தெரியாத வயிற்றுவலி, வாந்தி, குடலடைப்பு ஆகியவற்றின்போது இதனைத் தொடவே கூடாது. குழந்தைகளுக்கும் கருவுற்றோர்க்கும் பாட்டி வைத்தியமாகத் தாமே கொடுத்தலும் ஆகாது.

நாற்காலியில் நாள் முழுதும் கோப்புகளோடு அமர்ந்திருக்கும் எம்போன்றோர்க்கும், மின்வண்டியில் நெடுநேரம் செல்வோர்க்கும் மலச்சிக்கல் நேர்வது இயல்பு. நீரும் நார்ச்சத்துள்ள உணவும் நடையும் முதல் மருந்துகள். ஆனால் தாராவியின் சந்துகளில் பொதுக்கழிப்பிட வரிசைக்கு அஞ்சி இயற்கை உந்துதலை அடக்கிக்கொள்ளும் நம் சகோதரியர்க்கு, இலையை மட்டும் நீட்டுதல் அறமாகுமா? அடக்கி அடக்கி வரும் மலச்சிக்கலைக் கழிப்பிடம் தந்துதான் தீர்க்க வேண்டும். நிலாவரை அவ்வரிசையைக் குறைக்காது.

மாதுங்காவிலோ செம்பூரிலோ மராட்டியக் கடைக்காரரிடம் 'சோனாமுகி' எனக் கேட்டு வாங்குவோர், அது நம் நெல்லை வயல்களிலும் விளைந்த நிலாவரையே எனத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். அதன் அளவையும் எல்லையையும் உடன் சொல்லுதல் அதனினும் வேண்டும்.