குளுக்கோமா: விழித்திரையின் துணைக் கலங்கள் செய்வதென்ன?

குளுக்கோமாவில் பார்வை பறிபோவது, விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்புக் கலங்கள் இறப்பதாலாகும். வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போது, அவற்றைச் சூழ்ந்து பராமரிக்கும் முல்லர் கலங்கள், அஸ்ட்ரோசைட்டுகள், மைக்ரோகிளியா எனும் துணைக் கலங்களையும் நான் விளக்குவதுண்டு.

எலிகளின் கண் அழுத்தத்தை உயர்த்தும்போது இத்துணைக் கலங்கள் உருமாறுகின்றன. மைக்ரோகிளியா சுரக்கும் மூன்று புரதங்கள் அஸ்ட்ரோசைட்டுகளை நரம்புக்கே நஞ்சாக்குகின்றன. 2020இல் வெளியான ஆய்வொன்றில், அம்மூன்றும் நீக்கப்பட்ட சுண்டெலிகளில், அழுத்தம் உயர்ந்தும் நரம்புக் கலங்கள் பெருமளவு தப்பின.

அதாவது, அழுத்தம் தொடக்கிவைக்கும் சேதத்தைப் பராமரிக்க வேண்டிய கலங்களே பெரிதாக்குகின்றன. இதனைத் தடுக்கும் மருந்து இன்னும் நோயாளர் கைக்கு வரவில்லை. இறந்த நரம்புக் கலங்களும் மீள்வதில்லை. எனவே 40 வயதைக் கடந்தோரும், குடும்பத்தில் இந்நோய் உள்ளோரும் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். தரப்பட்ட சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.