ஓசியில் பிறந்த வியாபாரம்

காசு கொடுத்துப் பாட்டு வாங்குகிறவனை ஏமாளியாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1999-ல் அமெரிக்காவில் நாப்ஸ்டர் வந்தது. யார் கணினியில் இருக்கும் பாட்டையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றானது. இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டு 2001-ல் அதை முடக்கின. முடக்கி என்ன பயன்? 2003-ல் சுவீடனில் ‘பைரேட் பே’ என்ற திருட்டுத் தளம் முளைத்தது. 2006 மே மாதம் போலீஸ் அதன் சர்வர்களை அள்ளிக்கொண்டு போனது. சில நாட்களிலேயே தளம் மறுபடி எழுந்து உட்கார்ந்தது.

அதே 2006-ல், அதே சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஸ்பாட்டிஃபை என்ற இணைய இசைச் சேவை தொடங்கப்பட்டது. தொடங்கிய இருவருமே இணைய விளம்பரத்தில் காசு பார்த்தவர்கள். மார்ட்டின் லோரன்ட்சன், டிரேட்டப்ளர் என்ற விளம்பர நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 23 வயது டேனியல் ஏக், தன் சிறிய நிறுவனத்தை அந்த டிரேட்டப்ளருக்கே விற்றவர். ஆகவே பாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்பதுதான் அவர்களுக்கு முதலில் தோன்றிய வழி.

இலவசத்தோடு இலவசம் மோதினால் எது ஜெயிக்கும்? சுலபமானது ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டார்கள். திருட்டுப் பாட்டு இறங்கி முடியும்வரை காத்திருக்க வேண்டும். இறங்கியது வேறு பாட்டாகவும் இருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். இங்கே அழுத்திய மறுகணம் பாட்டு ஒலிக்க வேண்டும். இதற்காக, டோரண்ட் எனப்படும் கோப்புப் பகிர்வு உலகில் பேர்பெற்ற ‘மியூடோரண்ட்’ மென்பொருளை எழுதிய லுட்விக் ஸ்ட்ரிகியூஸையே கூட்டிவந்தார்கள். பாட்டின் ஒரு பகுதி சர்வரிலிருந்தும், மீதி மற்ற பயனர்களின் கணினிகளிலிருந்தும் வந்து சேர்ந்தது. பொத்தானை அழுத்துவதற்கும் ஓசை கேட்பதற்கும் இடையே கால் நொடிக்குச் சற்றே கூடுதல் நேரம்தான். திருட்டுக்குப் பயன்பட்ட நுட்பம் அப்படியே கடைக்கு வந்துவிட்டது.

நுட்பம் சீக்கிரம் கைகூடியது, உரிமம்தான் இழுத்தடித்தது. இசை நிறுவனங்களைச் சம்மதிக்கவைக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. விளம்பரத்தை மட்டும் நம்பிப் பாட்டைக் கொடுக்க அவை தயாராக இல்லை. கடைசியில் மாதச் சந்தாவும் சேர்ந்தது. பெரிய நிறுவனங்களுக்கு ஸ்பாட்டிஃபையிலேயே பங்கும் கிடைத்தது.

2008 அக்டோபர் 7 அன்று சுவீடன் உள்ளிட்ட சில ஐரோப்பிய நாடுகளில் சேவை திறந்தது. அப்போது ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். சந்தா கட்டுகிறவர் உடனே உள்ளே வரலாம். இலவசமாகக் கேட்க வேண்டுமானால் அழைப்பு வேண்டும். ஓசிக்கு மவுசு ஏறியது. ‘உன்னிடம் அழைப்பு இருக்கிறதா’ என்று நண்பர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதே விளம்பரமாகிவிட்டது.

அடுத்த ஆண்டு ஐபோன் செயலி வந்தது, சந்தாதாரர்களுக்கு மட்டும். கணினியில் இலவசம், கைபேசியில் காசு. 2013 கடைசியில் கைபேசியிலும் இலவசம் வந்தது; ஆனால் அப்போது பாட்டுகளைக் கலைத்துப்போட்டுத்தான் கேட்க முடிந்தது. அல்வாக் கடையில் இலைத்துண்டில் ஒரு விள்ளல் வைத்துக் கொடுப்பதைப் போலத்தான் இது. ருசி பார்த்தவர் கால் கிலோவாவது வாங்காமல் போவதில்லை. 2018-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது நிறுவனமே தந்த கணக்குப்படி, 2014 முதல் சேர்ந்த சந்தாதாரர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் இலவசச் சேவை வழியாக வந்தவர்கள். 2024-ல் வருமானம் சுமார் 1,567 கோடி யூரோ. அதில் விளம்பரத்தால் வந்தது எட்டில் ஒரு பங்குகூட இல்லை, மற்றதெல்லாம் சந்தா. விளம்பரக்காரர்கள் தொடங்கிய கடையில் விளம்பரம் உபவருமானமாகிவிட்டது.

விளம்பரம் செய்யும் வேலையைக் கேட்பவர்களிடமே விட்டது அடுத்த கெட்டிக்காரத்தனம். 2016 முதல் ‘ராப்டு’ என்ற பெயரில் ஆண்டுக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் அவர் கேட்ட பாட்டுகளின் கணக்கு வருகிறது. அதிகம் கேட்ட பாடகர் யார், மொத்தம் எத்தனை நிமிடம் என்றெல்லாம் வண்ண அட்டைகளில். டிசம்பரானால் ஆளாளுக்கு அதைச் சமூக ஊடகத்தில் பகிர்கிறார்கள். பத்துப் பைசா கூலி கேட்காத விளம்பரதாரர்கள்.

இனி பாடுகிறவர் கணக்கு. வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரிமைதாரர்களுக்குப் போகிறது. ஆனால் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. 30 நொடி ஓடினால் ஒரு தடவையாகக் கணக்கு. மாதம் முடிந்ததும், மொத்தத் தடவைகளில் யார் பாட்டு எத்தனை சதவீதமோ அந்த விகிதத்தில் பொதுத் தொகை பிரியும். 2019-ல் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். அதைக் கட்டிய ஒருவர் மாதம் முழுக்க ஒரே ஒரு நாதஸ்வர வித்வானை மட்டும் கேட்டாலும், பணம் பொதுத் தொகையில் சேர்ந்து, பெரும்பகுதி சினிமாப் பாட்டுகளுக்கே போகும். போதாக்குறைக்கு, 2024 முதல் ஓராண்டில் ஆயிரம் தடவையாவது ஓடாத பாட்டின் பதிவுக்குப் பணமே கிடையாது.

சட்டமும் போலீசும் சேர்ந்து செய்ய முடியாததை இந்த வியாபாரம் செய்தது: பாட்டுக்குக் காசு கொடுக்கும் பழக்கத்தை மீட்டது. சல்லிக்காசு வராத திருட்டுக் காலத்தோடு ஒப்பிட்டால் பாடகருக்கு இது மேல்தான். ரசிகன் கொடுத்தது அவன் ரசித்தவருக்கே போக வேண்டும் என்று கேட்டால், கணக்கு இன்னும் நேராகவில்லை.