இரவல் வல்லூறு

இரண்டாம் உலகப் போரில் போலந்து மண்ணை ஹிட்லரும் ஸ்டாலினும் பங்கு போட்டுக்கொண்ட பிறகும் அதன் கடற்படை சாகவில்லை. தப்பிவந்த கப்பல்கள் பிரிட்டனை அண்டி நின்று போரிட்டன. அவற்றில் 'ஒஷெவ்' என்ற நீர்மூழ்கி 1940இல் ரோந்துக்குப் போய்த் திரும்பவே இல்லை. 'வில்க்' ஓடி ஓடித் தேய்ந்துவிட்டது. பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள், ஏறிப் போகக் கப்பல் இல்லை.

அமெரிக்காவிடம் ஒரு கிழட்டுக் கப்பல் இருந்தது. பெயர் எஸ்-25, நீரில் இறங்கிய ஆண்டு 1922. கடன்-குத்தகைச் சட்டப்படி 1941 நவம்பர் 4 அன்று நியூ லண்டன் தளத்தில் அதை பிரிட்டனிடம் ஒப்படைத்தார்கள். பிரிட்டன் பி-551 என்று எண் போட்டு, கையோடு போலந்துக்காரர்களிடம் கொடுத்துவிட்டது. அவர்கள் வைத்த பெயர் 'யஸ்ட்ஷோம்ப்', அதாவது வல்லூறு. பெயர் மட்டும்தான் புதுசு. அமெரிக்காவே அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை என்பது தனி வேடிக்கை.

1942 வசந்தத்தில், ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டுபோகும் பிக்யூ-15 கப்பல் அணிக்குக் காவலாக அதை நார்வேக்கு வடக்கே அனுப்பினார்கள். ஜெர்மன் போர்க்கப்பல்கள் புறப்பட்டு வந்தால் வழிமறிக்க வேண்டும். வானம் மூடியே கிடந்ததால் சூரியனை வைத்து இடம் கணிக்க முடியவில்லை. ஒதுக்கிய எல்லையைவிட்டு வெகுதூரம் விலகி, காக்க வேண்டிய அணியின் பாதையிலேயே வந்து நின்றது.

மே 2. அணியின் காவல் கப்பல்கள் இரண்டு அதைக் கண்டுபிடித்துத் தண்ணீருக்குள் வெடிகுண்டுகளை வீசின. உள்ளிருந்தவர்கள் 'நாங்கள் உங்கள் ஆட்கள்தான்' என்று காட்ட மஞ்சள் புகைக் குப்பிகளை மேலே விட்டார்கள். பயனில்லை. வேறு வழியின்றி மேலே வந்தபோது துப்பாக்கிகள் முழங்கின. ஐந்து பேர் இறந்தார்கள். கேப்டன் போலெஸ்வாவ் ரோமனோவ்ஸ்கிக்குக் கால்களில் குண்டு. ஆள் அடையாளம் தெரிந்ததும் மிச்சப் பேரை ஏற்றிக்கொண்டு, இனி மூழ்கி ஓட வழியில்லாத கப்பலை அவர்களே மூழ்கடித்தார்கள்.

சுட்டவற்றில் ஒன்று பிரிட்டனின் 'சீகல்'. மற்றது 'செயின்ட் ஆல்பன்ஸ்': பழைய அமெரிக்க டெஸ்ட்ராயர், 1940இல் பிரிட்டனுக்குக் கைமாறியது, ஓட்டியவர்கள் நார்வேக்காரர்கள். அதுவும் கிட்டத்தட்ட இதே கதைதான்! நாடு பறிகொடுத்த இரண்டு கூட்டம், அமெரிக்காவின் பழைய இரும்பில் ஏறி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டது.

ரோமனோவ்ஸ்கி தேறிவந்து 'ஜிக்' என்ற நீர்மூழ்கிக்குத் தலைமை ஏற்று, மத்தியதரைக்கடலில் பேர் வாங்கினார். அதுவும் பிரிட்டன் தந்த இரவல்தான். 1946இல் திரும்ப வாங்கி, டென்மார்க்குக்கு இரவல் கொடுத்தார்கள்.