கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சையும் தாம்பத்தியம் பற்றிய பேச்சும்

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருப்பது கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய். கட்டி கர்ப்பப்பைவாயைத் தாண்டிப் பரவிய நிலையில் வருவோருக்கு இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சும் உடன் கீமோதெரபியும் தரப்படுகின்றன. நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு ஏறத்தாழ 5 வாரம் நடக்கும், உட்கதிர்வீச்சும் சேரும். வயிற்றுப்போக்கும் நீர்க்கடுப்பும் வரலாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கும் மருத்துவமனைகளில்கூடத் தாம்பத்திய உறவு பற்றிய பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை. அப்பேச்சைத் தொடங்குவது மருத்துவக் குழுவின் கடமை. நோயாளி கேட்கட்டும் என்று காத்திருப்பது சிகிச்சையின் குறைபாடே.

கதிர்வீச்சால் பிறப்புறுப்பின் உட்சுவர் உலர்ந்து மெலிகிறது. தழும்புத் திசு வளர்ந்து பாதை குறுகுகிறது. சினைப்பைகள் செயலிழப்பதால் இளம்வயதினருக்கும் மாதவிடாய் நின்றுவிடுகிறது. பாதை குறுகினால் உறவு வலிப்பதோடு, நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் உட்பரிசோதனையும் கடினமாகும். ஆகவே இது மருத்துவரின் நேரடி அக்கறைக்கு உரியது. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் விரிப்பான் கருவியை வாரம் 2, 3 முறை பயன்படுத்தத் தொடங்குவதும், நீர் அடிப்படையிலான மசகுக் களிம்பும் உதவும். யாரும் சொல்லித் தராவிட்டால் நோயாளிக்கு இவை தெரிய வழியில்லை.

மௌனத்துக்கு இரு தரப்பிலும் காரணம் உண்டு. உயிர் பிழைத்ததே பெரிது, இதைப் போய்க் கேட்பதா என்று நோயாளி கூசுகிறார். உடன் வந்த மகனோ மாமியாரோ அறையில் இருந்தால் வாயே திறப்பதில்லை. புறநோயாளிப் பிரிவின் நெரிசலையும், கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கத்தையும் மருத்துவர் காரணம் காட்டுகிறார். உளவியலாளர் ஜாக் ஆனன் 1976-இல் வகுத்த ‘பிளிசிட்’ முறை இத்தயக்கத்துக்கு விடை தருகிறது. பேச இடம் கொடுத்தல், சுருக்கமான தகவல், குறிப்பிட்ட யோசனை, தீவிர ஆலோசனை என்பன அதன் நான்கு படிகள். பலருக்கு முதலிரு படிகளே போதும். “இந்தச் சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்காரரோடு சேரும்போது பலருக்கு வலி இருக்கும், உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?” என்று ஒரு செவிலியர் தனியறையில் கேட்டாலே முதல் படி நிறைவேறிவிடும். பலருக்கும் நேர்வது என்று சொல்லிக் கேட்பதால் நோயாளியின் கூச்சம் குறைகிறது. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் கழகத்தின் 2018 வழிகாட்டுதலும் பேச்சை மருத்துவக் குழுவே தொடங்க வேண்டும் என்கிறது.

நோயாளி விரும்பினால் கணவரிடமும் பேச வேண்டும். புற்றுநோய் உறவால் தொற்றாது. சிகிச்சை முடிந்தவர் உடலில் கதிர்வீச்சு தங்காது. இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் உறவால் பரவுவதுதான், ஆனால் மிகப் பரவலானது. பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் இருக்கக்கூடியது. அதை வைத்து மனைவியின் நடத்தையைச் சந்தேகிக்க எந்த அடிப்படையும் இல்லை. இவ்விளக்கம் இல்லாத வீட்டில் நோயோடு பழியையும் அந்தப் பெண்ணே சுமக்கிறாள்.

திசு இறுக்கம் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் கூடுவதால் தாம்பத்தியம் பற்றி ஒருமுறை கேட்டால் போதாது. சிகிச்சைக்கு முன்பும், முடிந்ததும், ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் இக்கேள்வி கேட்கப்பட்டு, வலி, இரத்தக்கசிவு போலவே பதில் கேஸ் ஷீட்டில் பதிவாக வேண்டும்.