ஐந்து மைல் வீடு

எரியோடு பக்கம் போயிருக்கிறீர்களா? திண்டுக்கல்லிலிருந்து கரூருக்கு ரயில் ஏறினால் வழியில் வரும். அங்கே தோட்டத்துக்குள் என் தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. மண்ணும் கல்லும் சேர்த்து எழுப்பிய சுவர். ஆளில்லாமல் கிடந்ததில் பூச்சு பொத்துப் பொத்து விழ ஆரம்பித்துவிட்டது.

''இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிருங்க சார். சுவர் பூராவும் ஊறிப்போச்சு!'' என்றார் பார்க்க வந்த இன்ஜினீயர். எஸ்டிமேட்டைப் பார்த்த தம்பி, ''பாதித் தோட்டத்தை வித்தாத்தான்ணே முடியும்'' என்றான்.

நான் பி.காம். படித்தவன். உடனே கணக்கு நோட்டை எடுத்தேன். அப்போதுதான் அந்த வெள்ளைக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

லாரி பேக்கர்! 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். கட்டடக்கலை படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவ சேவைக்குப் போனார். ஊர் திரும்ப பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த சமயத்தில் காந்தியைச் சந்தித்தார். காந்தியின் கவனத்தை இழுத்தது எது தெரியுமோ? பேக்கர் காலில் கிடந்த, துணியைக் கையால் தைத்துச் செய்த செருப்பு!

காந்தி அவரிடம் சொன்ன யோசனை ரொம்ப எளிமையானது. வீடு கட்டத் தேவையான பொருளெல்லாம் ஐந்து மைல் தூரத்துக்குள்ளேயே கிடைக்கவேண்டும். அவ்வளவுதான். அதன் முழு அர்த்தம் வயதான பிறகுதான் தனக்கு விளங்கியது என்று பேக்கரே பிற்பாடு எழுதினார்.

1945-ல் தொழுநோயாளிகளுக்கான பணிக்காக இந்தியா வந்தார். 1948-ல் டாக்டர் எலிசபெத்தை மணந்தார். தேனிலவுக்கு இமயமலையின் பித்தோராகட் பக்கம் போனார்கள். வந்திருப்பது டாக்டரம்மா என்று தெரிந்ததும் ஜனங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். போனவர்கள் தங்கியது எத்தனை நாள் என்கிறீர்கள்? பதினாறு வருஷம்!

அங்கேதான் பேக்கருக்கு இரண்டாவது படிப்பு. கல்லூரி சொல்லிக் கொடுத்தது அந்த மலையில் எடுபடவில்லை. எழுதப்படிக்கத் தெரியாத கிராமத்தார் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்துக் குளிருக்கும் மழைக்கும் தாங்குகிற வீடு கட்டியிருந்தார்கள். அவர்களிடமே பாடம் கேட்டார்.

பிறகு கேரளா. திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில், பாறைச் சரிவில் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார். ஒரே மூச்சில் கட்டியதல்ல. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த வீடு. இடித்த வீடுகளின் பழைய மரம், கலர் பாட்டில்... எதையும் வீணாக்கவில்லை.

பேக்கரின் கணக்கைப் பாருங்கள். செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டினால் சுமார் 25 சதவிகிதம் செங்கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். கான்கிரீட் கூரையின் அடிப்பக்கத்தில் பழைய ஓட்டைப் பதித்தால் சிமென்ட் மிச்சம். ஜன்னலுக்குச் சட்டமே வேண்டாம். மேலே ஒரு குழி, கீழே ஒரு குழி, நடுவில் சுழலும் ஒரு பலகை போதும்! இதையெல்லாம் கையால் படம் வரைந்து சின்னச் சின்னப் புத்தகங்களாகவும் போட்டார். 1990-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2007-ல் தொண்ணூறு வயதில் மறைந்தார்.

சரி, எரியோட்டுக்கு வருவோம். தம்பியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரைச் சுரண்டிப் பார்த்தோம். தாத்தா கட்டிய சுவர் கெட்டியாகத்தான் இருந்தது! வில்லன், இடையில் நாங்கள் 'நாகரிகமாக' அடித்த சிமென்ட் பூச்சு. மண்சுவர் ஈரத்தை இழுக்கும். காய்ந்ததும் வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளேயே தங்கிய ஈரம் பூச்சைத் தள்ளிவிட்டது.

சிமென்டைக் கொத்தி எடுத்தோம். சுண்ணாம்புக் காரை பூசினோம். உடைந்த ஓடுகளை மாற்றினோம். எல்லாமே சொந்தக் கை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன்; கரையான் அரித்த உத்தரத்தை மாற்ற ஆசாரிதான் வரவேண்டியிருந்தது. காரைக்குப் பதம் சொன்னது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்.

தோட்டம் தப்பித்தது. இந்த மழைக்குச் சுவர் வியர்க்கவில்லை.

உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கிற வீடு ஒன்று இருக்குமே? பத்திரத்தை எடுத்துக்கொண்டு பேங்க்குக்குக் கிளம்புமுன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போங்கள். சுவரைக் கொஞ்சம் சுரண்டித்தான் பாருங்களேன்!